மான்கொம்புப் பவளக் குடும்பமும் "உயிருள்ள பவளப் பரப்பு" என்ற ஒற்றை எண்ணும்

அலையோரம் (செம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் பவளத்திட்டில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 2022-இல் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது என்ற செய்தியையும், 2025-இல் அது பெரிதும் சரிந்தது என்ற செய்தியையும் முலுண்ட் நண்பர் இங்கே பகிர்ந்து, மூன்றே ஆண்டுகளில் இப்படி நடக்குமா என்று கேட்டிருந்தார். அதற்கான விடையின் பெரும்பகுதி அக்ரோபோரிடே என்ற மான்கொம்புப் பவளக் குடும்பம் ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே தனி இழையாகவே தொடங்குகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2022 அறிக்கையின்படி, திட்டின் தரையில் வடபகுதியில் 36 விழுக்காட்டையும் நடுப்பகுதியில் 33 விழுக்காட்டையும் உயிருள்ள பவளம் மூடியிருந்தது. முறையான கண்காணிப்பு தொடங்கிய 36 ஆண்டுகளில் அவ்வளவு உயர்ந்ததில்லை. உலகெங்கும் பலர் "பவளத்திட்டு மீண்டுவிட்டது" என்று எழுதினார்கள். ஆனால் அந்தக் கணக்கை எடுத்த ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனமே, இந்த உயர்வைக் கொண்டுவந்தவை விரைந்து வளரும் அக்ரோபோரா பவளங்கள்தாம் என்றும், புயலுக்கும் வெப்பத்துக்கும் பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீனுக்கும் முதலில் பலியாகிறவையும் அவையே என்றும் அதே அறிக்கையில் எழுதியிருந்தது. 2024-இன் கடும் வெளிறலுக்கு (வெப்பத்தால் பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுப்பது) பின் வந்த 2025 கணக்கில் வடபகுதி ஏறத்தாழ 40-இலிருந்து 30-க்கும், தென்பகுதி 39-இலிருந்து 27-க்கும் இறங்கின. ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் ஒரே குடும்பம்.

பாறை கட்டும் கல் பவளங்களில் இனங்களின் எண்ணிக்கையால் மிகப் பெரிய குடும்பம் இது. அக்ரோபோரா என்ற ஒரு பேரினத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. மான்கொம்பு போலக் கிளைப்பவை, மேசைப் பலகை போல விரிபவை, புதர் போல அடர்பவை, தடித்த விரல்களைப் போல எழுபவை எல்லாம் இதனுள் அடங்கும். அடுத்தது மாண்டிபோரா, இது பாறையில் தோலாகப் படரும், இலையடுக்காகவும் வளரும், சில இடங்களில் விரல் போல நிமிரும். ஐசோபோராவை முன்பு அக்ரோபோராவின் ஒரு பிரிவாகவே வைத்திருந்தார்கள். 2007-இல்தான் தனிப் பேரினமாக்கினார்கள். மெல்லிய குச்சிகளாக வளரும் அனாக்ரோபோரா, உருண்டைக் கல்லாக வளரும் ஆஸ்ட்ரியோபோரா, மரபணு ஆய்வின் பயனாக வேறொரு குடும்பத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஆல்வியோபோரா ஆகியவை மற்றவை.

அக்ரோபோராவின் வெற்றிக்கு அதன் உடலமைப்பே காரணம். பவளம் என்பது பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் பல சேர்ந்த தொகுதி; இதில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு தலைமைப் பாலிப் இருக்கிறது. அது முன்னே வளர்ந்துகொண்டே போக, பக்கவாட்டில் புதிய பாலிப்கள் அரும்பி அடுக்கடுக்காக நிற்கின்றன. எலும்புக்கூடு துளைகள் நிறைந்து இலேசாக இருப்பதால், கொஞ்சம் சுண்ணாம்பைக் கொண்டே நெடுந்தூரம் வளர முடிகிறது. கிளை வகைகள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளும். அதே காலத்தில் போரைட்டஸ் போன்ற உருண்டைப் பவளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் தடிக்கும். இந்த வேகத்துக்கு விலையும் உண்டு. சதை மெல்லியது, கிளை எளிதில் முறியும், வெப்பம் ஏறினால் முதலில் வெளிறுவதும் இதுதான்.

என் கருத்து இதுதான்: குடும்பத்தின் பெயரைச் சொல்லாமல் "இத்தனை விழுக்காடு உயிருள்ள பவளம்" என்று மட்டும் அறிவிப்பது, ஒரு பவளத்திட்டின் நலனைப் பற்றி நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். மன்னார் வளைகுடாவைப் பற்றிய செய்திகளிலும் இதே குறையைப் பார்க்கிறேன்.

மாதுங்கா வாசகி

மிக்க நன்றி, அம்மா. எனக்கு இரண்டு ஐயங்கள். மும்பைக் கடற்கரைச் சாலைப் பணிக்காக ஹாஜி அலியிலிருந்தும் வரளியிலிருந்தும் இடம் மாற்றிய பவளங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையா? ஹாஜி அலியில் வற்று நேரத்தில் நடந்தபோது கட்டைவிரல் அளவுப் பவளம் ஒன்றைக் காட்டினார்கள். அதில் கிளை எதுவும் இல்லை.

இரண்டாவது, எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் மாமியார் பல்லாண்டுகளுக்கு முன் இராமேசுவரத்தில் வாங்கி வந்த வெள்ளைப் பவளக் கிளை ஒன்று இருக்கிறது. சாண் நீளம் இருக்கும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. பக்கமெங்கும் சிறு சிறு குழாய்கள் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு நுனியிலும் மற்றவற்றைவிடப் பெரிய வட்டத்துளை ஒன்று இருக்கிறது. இது மான்கொம்புப் பவளம்தானா?

அலையோரம் (செம்பூர்)

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நீங்களே விடை எழுதிவிட்டீர்கள். அந்த நுனித்துளைதான் நான் சொன்ன தலைமைப் பாலிப் அமர்ந்திருந்த கிண்ணம். பக்கத்துக் குழாய்கள் மற்ற பாலிப்கள் அமர்ந்திருந்தவை. கிளைப் பவளம் ஒன்றைப் பார்த்தவுடன் இது அக்ரோபோராவா என்று தெரிந்துகொள்ள இதைவிட உறுதியான அடையாளம் இல்லை. அனாக்ரோபோராவும் கிளைக்கும், மாண்டிபோராவில் சிலவும் கிளைக்கும். ஆனால் அவற்றின் நுனியில் இந்தத் தனிக் கிண்ணம் இருக்காது. ஐசோபோராவில் ஒரே நுனியில் இத்தகைய கிண்ணங்கள் பல இருக்கும். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் குழாய்களுக்கு இடையேயுள்ள பரப்பைப் பாருங்கள். சல்லடைபோல நுண்துளைகள் தெரியும். கிளை கனமில்லாமல் இருப்பதற்கு அதுவே காரணம். உயிரோடு இருந்தபோது அந்த நுனிகள் மட்டும் வெளிர்நிறமாக இருந்திருக்கும். வளர்ச்சி விரைவாக நடக்கும் இடத்தில், பவளத்தின் சதைக்குள் உடனுறையும் நுண்பாசிகள் இன்னும் முழுமையாகக் குடியேறியிருப்பதில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். 2020 நவம்பரில் தேசியக் கடலியல் நிறுவனத்தினர் 18 பவளத் தொகுதிகளைக் கொலாபாவின் நேவி நகர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். அவை அக்ரோபோரிடே அல்ல. மும்பையின் பாறைக் கரைகளில் வாழ்பவை சேற்றையும் கலங்கலையும் பொறுத்துக்கொள்ளும் சிறு பவளங்கள். அவற்றில் ரைசாங்கிடே குடும்பத்தவை பாறை கட்டும் வேலையையே செய்வதில்லை. மான்கொம்புக்குத் தெளிந்த நீரும் நிறைந்த வெளிச்சமும் வேண்டும்; உணவின் பெரும்பகுதியை உடனுறையும் பாசி ஒளிச்சேர்க்கையால்தான் தருகிறது. நம் கடலிலோ பெரிய ஓத நாட்களில் நீர் நாலரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு ஓதமும் வண்டலைக் கலக்கிவிடுகிறது, மழைக்காலத்தில் சிற்றாறுகளின் நன்னீரும் கழிவுநீரும் வந்து சேர்கின்றன. இதற்கு நடுவே அந்தக் கட்டைவிரல் பவளம் வாழ்வது பெரிய செய்தி. அதை மான்கொம்போடு ஒப்பிட்டுக் குறைவாக எண்ண வேண்டாம்.

முத்துநகர் (தாராவி)

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. இந்த இழையில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்துக் கடலில் தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை 21 தீவுகள். 1986-இல் அவற்றைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பும், அதற்குப் பின்பு நெடுங்காலமும், பவளக்கல்லை வெட்டிப் படகுகளில் ஏற்றிச் சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடு ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். வீட்டுச் சுவருக்கும் வைத்தார்கள். என் பாட்டனார் கட்டிய வீட்டின் பின்சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் தேன்கூடு போன்ற கண்கள் தெரியும். அது மூளைப் பவள வகை என்று பிற்பாடு அறிந்தேன். வெட்டியவர்கள் கனமான உருண்டைப் பவளத்தைத் தேடி வெட்டினார்கள். ஆனால் அதை நெம்பி எடுக்கும்போது சுற்றிலும் நின்ற கிளைப் பவளம் நொறுங்கிப்போனது. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீருக்குள் மறைந்ததற்கு இந்த வெட்டும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2001-இல் கல் பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதன் பிறகுதான் வெட்டு படிப்படியாக ஓய்ந்தது.

வெட்டு நின்ற பிறகு வெப்பம் வந்தது. எங்கள் கடலில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் 30 டிகிரி செல்சியசைத் தாண்டும். 2010-இல் ஓர் அடி, 2016-இல் அதைவிடப் பெரிய அடி. 2016-இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23-க்கு இறங்கியது. அக்ரோபோரா, மாண்டிபோரா, வேறொரு குடும்பத்துக் கிளைப் பவளமான போசிலோபோரா ஆகிய மூன்றும் மிகுதியாக மடிந்தன. போரைட்டஸ் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. குருசடைத் தீவில் இன்னொரு துன்பமும் வந்தது. வருவாய்க்காகக் கொண்டுவந்து வளர்த்த கப்பாபைக்கஸ் என்ற அயல்நாட்டுப் பாசி பவளத்தின்மேல் பரவி மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அங்கும் அதிகமாகப் பாதிக்கப்பட்டது அக்ரோபோராதான்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டே ஒன்று கேட்கிறேன். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வருகிறார்கள். நடுவதற்குப் பெரும்பாலும் கிளைப் பவளம்தான் உதவுகிறது. ஒடித்த துண்டு ஒட்டிக்கொண்டு வளர்கிறது, சில ஆண்டுகளில் மீன் வந்து தங்குகிறது. "இந்தக் குடும்பத்தை நம்பக் கூடாது" என்று அம்மா சொல்வதாக இருந்தால், அந்த உழைப்பு வீண் என்று ஆகிவிடாதா?

கணக்கர் (முலுண்ட்)

இழையைத் தொடங்கியதற்கு நன்றி. என் தொழில் புள்ளியியல் என்பதால் ஒரு மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டும். நீண்ட காலத் தொடரில் ஒரே அளவையை மாற்றாமல் எடுத்துவருவதற்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது. கடலடியில் அளவுநாடாவை விரித்து, அதன் கீழ் உயிருள்ள பவளம் எவ்வளவு என்று குறிப்பது எளிது. பயிற்சி பெற்ற மீனவ இளைஞரும் அதைச் செய்யலாம். குடும்பம், பேரினம் என்று பிரித்தால் வல்லுநர் தேவை, பிழை கூடும், பழைய பதிவுகளோடு ஒப்பிட முடியாது. ஒற்றை எண் முழுமையற்றதாக இருக்கலாம். ஆனால் அதைக் கைவிட்டால் போக்கையே இழந்துவிடுவோம்.

அலையோரம் (செம்பூர்)

இரு மறுப்புகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முத்துநகர்த் தம்பிக்கு. இந்தக் குடும்பத்தை நம்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதற்கு மாற்றே கிடையாது என்பதுதான் என் கவலையின் வேர். மேசைப் பவளத்தின் நிழலில் பெரிய மீன்கள் ஒதுங்குகின்றன. கிளைகளின் இடுக்கில் குஞ்சு மீன்கள் பதுங்குகின்றன. கடல்மட்டம் ஏறி இறங்கிய காலங்களிலும் பவளத்திட்டுகள் மேற்பரப்பை விட்டுப் பின்தங்காமல் இருந்ததில் இதன் வேகமான வளர்ச்சிக்குப் பங்குண்டு. போரைட்டஸ் பல நூற்றாண்டு வாழும், ஆனால் அது பாறாங்கல்லாக நிற்குமே தவிர, ஓர் அடர்ந்த புதரின் ஒளிவிடங்களை மீனுக்குத் தராது. எனவே ஒரு திட்டில் அக்ரோபோரா மடிந்து போரைட்டஸ் நிலைத்தது என்றால், "சில இனங்கள் பிழைத்துக்கொண்டன" என்று நாம் ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை. செத்த கிளைகள் சில ஆண்டுகள் எலும்புக்கூடாக நிற்கும், பிறகு முறிந்து சரளையாகும், அதன் பிறகு மீன்வளமும் குறையும்.

இதன் கடைசிக் கட்டம் எப்படி இருக்கும் என்பதைக் கரீபியக் கடல் காட்டிவிட்டது. அங்கே இந்தப் பேரினத்தில் இரண்டே இனங்களும் அவற்றின் கலப்பு ஒன்றும்தான் உண்டு. 1970-களின் இறுதியில் தொடங்கிய வெண்பட்டை நோய் அவற்றில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றது. 2006-இல் அமெரிக்க அரசு அவ்விரண்டையும் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளானவையாகச் சட்டப்படி அறிவித்தது. பல்லாண்டு உழைத்து ஃபுளோரிடாவில் நாற்றங்கால்களில் வளர்த்து நட்டார்கள். 2023-இன் வெப்ப அலை அங்கே எஞ்சியிருந்தவற்றையும் நட்டவற்றையும் ஏறக்குறைய முழுமையாகக் கொன்றது. அங்குப் பவளத்திட்டைக் கட்டும் பணியைச் செய்ய இப்போது போதிய அக்ரோபோரா இல்லை. இந்தோ-பசிபிக்கில் இனங்கள் மிகுதி, ஆகவே அந்த நிலை வராது என்று சிலர் சொல்கிறார்கள். வெளிறலின்போது அத்தனை இனங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே சாய்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

நடவைப் பற்றி: நடுவது வீண் அல்ல. ஆனால் ஒரே தாய்த் தொகுதியை ஒடித்து நூறு துண்டாக நட்டால், நூறும் மரபணுவில் ஒன்றே. ஒரு கோடையில் நூறும் போகும். 2011-இல் ஒகினாவாவில் அக்ரோபோரா டிஜிட்டிஃபெராவின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தார்கள். சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தை ஆக்குவதற்குத் தேவையான ஒரு நொதியின் மரபணு அதில் காணப்படவில்லை. அதற்காக இது உடனுறையும் பாசியைச் சார்ந்திருக்கக்கூடும் என்று கருதினார்கள். வெப்பத்தில் பாசி வெளியேறியதும் இது இவ்வளவு விரைவில் தளர்வதை அந்தச் சார்பை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். எனவே வெப்பமான ஓரங்களில் தப்பியவை, பாலினப் பெருக்கத்தால் பிறந்தவை என்று பல மூலங்களிலிருந்து எடுத்து, உருண்டைப் பவளங்களோடு கலந்து நட வேண்டும்.

பாலினப் பெருக்கம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அக்ரோபோரா ஆணும் பெண்ணும் ஒன்றான உயிர். முழுநிலவை ஒட்டிய ஓர் இரவில் முட்டையையும் விந்தையும் ஒரே இளஞ்சிவப்பு உருண்டையாகக் கட்டி மேலே விடும். அந்த முட்டையில் பாசி இருக்காது. பிறந்த குஞ்சு கடல்நீரிலிருந்து தனக்குரியதைத் தேடிக்கொள்ள வேண்டும். அதே குடும்பத்து மாண்டிபோராவோ முட்டைக்குள்ளேயே தாயின் பாசியை வைத்து அனுப்புகிறது. ஐசோபோரா இரண்டையும் போலன்றிக் குஞ்சைத் தன்னுள்ளேயே வளர்த்து வெளியே விடுகிறது. ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், குடும்பத்தை மட்டுமல்ல, முடிந்தால் பேரினத்தையும் குறிக்க வேண்டும் என்பேன்.

கணக்கர் ஐயாவுக்கு: பழைய எண்ணைக் கைவிடச் சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டே, அதன் கீழ் அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா, போரைட்டஸ், மூளைப் பவளங்கள், மற்றவை என்று பிரித்தால் போதும். இந்தப் பிரிவுக்கு வல்லுநர் வேண்டியதில்லை. நுனிக் கிண்ணம் இருந்தால் அக்ரோபோரா. கிண்ணங்கள் ஊசிமுனை அளவாகி, நடுவே பருக்களும் முகடுகளும் எழுந்திருந்தால் மாண்டிபோரா. பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) தூண்டில் போடும் மீனவர் இதை ஒரே நாளில் பிரித்துவிடுவார்.

கணக்கர் (முலுண்ட்)

மொத்த எண் தொடருமானால் என் மறுப்பு பெரும்பாலும் நீங்குகிறது. பழைய ஒளிப்படங்கள் பாதுகாப்பாக இருந்தால், பின்னோக்கியும் பேரின வாரியாகக் கணக்கிட முடியும்.

நீலத்தொட்டி (அந்தேரி)

சிங்கப்பூரில் பணியாற்றியபோது கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களோடு பழகியிருக்கிறேன். தொட்டி வளர்ப்பில் மிகக் கடினமானது அக்ரோபோராதான் என்று அவர்கள் ஒருமித்துச் சொல்வார்கள். கால்சியம், காரத்தன்மை, வெளிச்சம் ஆகியவற்றில் ஒன்று தடுமாறினாலும் கிளையின் அடியிலிருந்து சதை உரிந்துவிடும். மாண்டிபோரா அவ்வளவு அடம்பிடிக்காது. ஆல்வியோபோராவையும் கோனியோபோராவையும் பலர் மாற்றிச் சொல்வார்கள். இரண்டும் மலர்க்கொத்து போல நீண்ட பாலிப்களை விரிப்பவை. ஆல்வியோபோராவின் பாலிப்பில் 12 விரல்கள், கோனியோபோராவில் 24. எண்ணிப் பார்த்தால் போதும். அம்மாவிடம் ஒரு கேள்வி: கட்ச் வளைகுடாவும் நம்மைப் போலக் கலங்கலான கடல்தானே, அங்கே இந்தக் குடும்பம் உண்டா?

அலையோரம் (செம்பூர்)

நல்ல கேள்வி. கட்ச் வளைகுடாவில் மாண்டிபோரா இன்றும் வாழ்கிறது. அக்ரோபோராவின் செத்த எலும்புக்கூடுகளே கிடைத்தன. அதாவது அது அங்கே ஒரு காலத்தில் வாழ்ந்து அற்றுப்போனது. ஒரே குடும்பத்தின் இரு பேரினங்களில் ஒன்று கலங்கலைத் தாங்கியது, மற்றது தாங்கவில்லை. பிற்காலத்தில் குஜராத்தின் மிட்டாப்பூரில் நடந்த மீட்புத் திட்டத்தில், இலட்சத்தீவிலிருந்து அக்ரோபோரா ஹியூமிலிஸ் துண்டுகளைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். அற்றுப்போன இடத்தில் மீண்டும் வளர்ப்பதற்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்துபோய்த் துண்டு கேட்க வேண்டியிருந்தது என்பதை முத்துநகர்த் தம்பி கவனிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் இன்னும் தாய்த் தொகுதிகள் உள்ளூரிலேயே இருக்கின்றன.

முத்துநகர் (தாராவி)

விளக்கத்துக்கு நன்றி, அம்மா. பல மூலங்களிலிருந்து எடுத்து நடுவது, உருண்டைப் பவளத்தோடு கலப்பது ஆகிய இரண்டையும் ஏற்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, பாருக்குத் தொழிலுக்குப் போகும் என் சித்தப்பா மகனிடம் இந்த ஆறு பிரிவுகளையும் படத்தோடு காட்டுவேன். ஏப்ரலில் வெளிறல் தொடங்கினால் எந்தப் பிரிவு முதலில் வெளுக்கிறது என்பதை அவன் குறித்துவைக்கட்டும். தாளை இங்கே பதிவேற்றுகிறேன்.

மாதுங்கா வாசகி

அலமாரியில் இருக்கும் கிளையை என்ன செய்வது என்று யாராவது சொல்ல முடியுமா? சட்டத்தைப் பற்றிப் படித்ததும் கவலையாக இருக்கிறது.

இழை ஒருங்கிணைப்பாளர்

முதல் அட்டவணையில் உள்ள உயிரினத்தின் உடற்பகுதி என்பதால் அதை விற்கவோ பரிசளிக்கவோ வேண்டாம். ஊருக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். வாங்கிய காலத்தையும் இடத்தையும் நினைவிருக்கும் அளவுக்கு எழுதிவைத்துக்கொண்டு, வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். பிரிவுகளின் ஒளிப்படங்களை அனுப்ப விரும்புகிறவர்கள் கிளை நுனியை நெருக்கமாக எடுத்து, இதே இழையில் இணைக்கவும்.